சாம்பியன் நாய் வளர்த்து, இழந்து, பிழைத்துக் கிடக்க ஒரு வழிகாட்டி

பங்காருப்பேட்டையிலிருந்து கிளம்பும் ரயில் பெமல் நகர், கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று நின்று மாரிகுப்பத்தில் வந்து முடிகிறது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. நாய்க்குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கினால் குட்டி சாம்பியன் ஆகிவிடாது. அதற்கு கென்னல் கிளப் ஆஃப் இந்தியா ஒரு தாள் தர வேண்டும். இதை முதல் நாளே வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கிவிடுங்கள். இல்லையென்றால், “நாம இருக்கிற ஊரே சாம்பியன்தானேடா, அப்புறம் எதுக்கு இந்த நாயைக் கூட்டினு பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் அலையறே?” என்று பாட்டி கேட்பார். அதற்குப் பதில் இல்லை.

கீழே வரும் ஆலோசனைகளின் முன்பாதி கண்காட்சி நாய் வளர்க்க ஆசைப்படும் கோலார் தங்கவயல் குடும்பங்களுக்கு. பின்பாதி வளர்த்து முடித்தவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் ஓடும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டாம். நாயே கூட்டிக்கொண்டு போகும்.

எந்த நாய்

சுரங்கத் தொழிலாளிக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிவைத்த லைன் வீட்டில் இருக்கிறீர்கள். கிரேட் டேன் வாங்கினால் அது உள்ளே படுக்கும், நீங்கள் வெளியே படுக்க வேண்டும். ஆகவே ஃபாக்ஸ் டெரியர். அதிலும் மொழுமொழுவென்று குட்டை முடி உள்ள ஸ்மூத் வகை. ஏழெட்டுக் கிலோ எடை, பதினைந்தரை அங்குலத்துக்குள் உயரம், வெள்ளை உடம்பு, அங்கங்கே கறுப்போ பழுப்போ திட்டு. வளைக்குள் பதுங்கிய நரியைக் கிளப்பிவிடுவதற்காக இங்கிலாந்தில் உண்டாக்கிய ஜாதி. மண்ணுக்குள் இறங்குகிற வேலை என்றால் நம் ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்?

வெள்ளைக்காரர்கள் இந்தியா முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்த நாய் இது. கிப்ளிங்கும் லாகூரில் இதைத்தான் வைத்திருந்தார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்தது. பின்னாலேயே கிளப், கோல்ஃப், கேக், பங்களா நாய் எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. துரை வீட்டு நாய் போட்ட குட்டி ஒன்று சமையல்காரர் கைப்பையில் லைனுக்கு வந்து சேர்ந்த கதையை எங்கள் பக்கத்தில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் சொல்வார். ஒவ்வொரு கதையிலும் துரை வேறு, சமையல்காரர் மட்டும் கதை சொல்பவரின் சொந்தக்காரர்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். வடஆற்காட்டிலிருந்து வந்து அதற்குள் இறங்கி ஏறிய ஆளுக்குக் கம்பெனி கொடுத்தது ஒரு நம்பர். அவன் திண்ணையில் படுத்திருந்த நாய்க்கோ அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர் எழுதிய பெடிக்ரி. தன் குலத்தைக் கேட்டு மூக்கைச் சுளித்த உலகத்தில், நாயின் குலத்தை மட்டும் ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி வளர்த்துக் காட்டினான். இந்த ஊர் நாய்ப்பித்தை வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்று சொல்பவர்கள் இந்தப் பாதியைப் பார்ப்பதில்லை.

பெயர்

பதிவுப் பெயர் நீளமாக, ஆங்கிலத்தில், எப்படியாவது ஒரு ‘கோல்டு’ வருகிற மாதிரி இருக்கட்டும். மைக்ரோசிப் குத்தி, படிவம் நிரப்பி, சென்னைக்கு அனுப்பி, பெயர் வாங்கிவிட்டு, அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது ஜூலி. உங்கள் வீட்டிலும் ஜூலியாகவோ ஜிம்மியாகவோதான் இருக்கப்போகிறது.

காது

இனி வருவது முக்கியம், பொறுமையாகப் படிக்கவும்.

ஃபாக்ஸ் டெரியரின் காது சின்னதாக, ஆங்கில ‘வி’ வடிவத்தில், நடுவில் மடிந்து கன்னத்தை ஒட்டி முன்பக்கம் விழ வேண்டும். மடிப்புக் கோடு மண்டைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நட்டுக்கொண்டு நின்றால் போச்சு. குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கிற மாதங்களில் காது தன்னிஷ்டத்துக்கு ஆடும்: காலையில் மடிந்திருக்கும், சாயங்காலம் ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. அப்போது பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைப்பார்கள். ஒட்டினீர்களானால் ஒரு வாரத்துக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது, “நாய்க்குக் காதுல அடிபட்ருச்சா?” என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

ஜூலிக்கு வலது காது அப்படியே சட்டப்புத்தகம். இடது காதில்தான் கோளாறு. எப்போதும் இல்லை. சாயங்காலம் பன்னுக்காரர் சைக்கிளில் வருவார். பின் கேரியரில் தகரப் பெட்டி, அதற்குள் பன்னும் வர்க்கியும். ஹேண்டில்பாரில் ரப்பர் உருண்டை வைத்த பழைய ஹார்ன். அவர் சந்து முனையில் அதை ஒரு தடவை அமுக்கினால் போதும். ஜூலி தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, இடது காது மட்டும் மெல்ல எழும்பும். மடிப்பு நிமிரும், நுனி இரண்டு தடவை துடிக்கும், அப்புறம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கண் திறக்காது. வலது காது அசையாது. வர்க்கி வாய்க்கு வந்து சேர்ந்த பிறகே காது பழையபடி மடங்கும்.

ஆலோசனை: பன்னுக்காரரிடம் பேசி ஹார்னுக்குப் பதில் மணி வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். அவர், “எங்கப்பா காலத்து ஹார்ன் சார் இது. உங்க நாய்க்காக வியாபாரத்தை மாத்தணுமா?” என்பார். அவர் சொல்வது நியாயம். கண்காட்சி மைதானம் பக்கம் எந்தப் பன்னுக்காரரும் வராமலிருக்க வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

தெரு

உங்கள் நாய் பெட்டையாக இருந்தால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் மூன்று வாரம், உங்கள் வீடு கோட்டை ஆகும். வெளியே முற்றுகை. அண்டர்சன்பேட்டை வரைக்கும் தகவல் போய்விடும். காது கடிபட்டது, வால் பாதியானது, ஒரு கண் மங்கியது எல்லாம் திண்ணைக்கு வந்து மரியாதையாக உட்கார்ந்திருக்கும். பெடிக்ரி தாளை எடுத்துக் காட்டினால் போகாது. லைன் வீட்டுப் பின்சுவர் பொதுச்சுவர் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக் கக்கூஸ் கூரை மேல் ஏறி இந்தப் பக்கம் குதிக்கத் தெரிந்த கருப்பன் ஒருவன் ஒவ்வொரு லைனிலும் உண்டு.

கருத்தடை செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். நாய்க்கண்காட்சி என்பதே அடுத்த தலைமுறைக்கு யார் தாயாகத் தகுதி, யார் தகப்பனாகத் தகுதி என்று பார்ப்பதற்காக ஏற்பட்டது. ஆண் நாய்க்கு இரண்டு விதையும் கீழே இறங்கியிருக்கிறதா என்று நடுவர் கைவைத்தே பார்ப்பார். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு அத்தை, “இந்த வெள்ளை மூதேவியால ராத்திரி தூக்கமே போச்சு” என்று வாசலில் நின்று சொல்வதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறகும் வருவார்.

புழுதி

தை மாதம் தொட்டு வெள்ளை நாயை வெள்ளையாக வைத்திருப்பது சிரமம். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் வேட்டியே மாவு பூசிக்கொள்கிறது. அந்த மேட்டைப் பின்னணியாக வைத்து 2018இல் ‘கே.ஜி.எஃப்’ படம் எடுத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள், எங்களுக்குக் கிடைத்தது சலவை. ஷோவுக்கு முதல் நாள் குளிப்பாட்டி, சோளமாவு தேய்த்து, முழுக்க உதறித் துலக்கிவிடுங்கள். நடுவர் கையில் மாவு ஒட்டினால் அவர் முகம் மாறும்.

ரிங்

மே மாதத்தில் ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் கண்காட்சிதான் நம் பக்கத்துக்காரர்களின் கனவு. பெங்களூரும் சென்னையும் பக்கம். எங்கே போனாலும் போய்ச் சேருவது உங்கள் கவலை. ரயிலில் நாய்க்கு இரண்டே இடம்: முழு கூபேயையும் எடுக்கும் வசதி இருந்தால் முதல் வகுப்பு, இல்லாவிட்டால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டு. அந்தக் கூண்டை ஒருமுறை எட்டிப்பார்த்தவர்கள் வாடகைக் காருக்குப் பேரம் பேசப் போய்விடுவார்கள்.

உடை: கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. குனிந்து ஓடும்போது கிழிகிற இடம் உங்களுக்கே தெரியும், முன்கூட்டியே இரட்டைத் தையல் போடுங்கள். வலது பாக்கெட்டில் வேகவைத்த ஈரல் துண்டுகள். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைக் காலி செய்ய வேண்டும். மறந்தால் அடுத்த கல்யாணத்தில் உங்களைச் சுற்றித்தான் பூனைகள் நிற்கும்.

கையில் நம்பர் கட்டுவார்கள். டெரியர் மூன்றாவது குரூப். சின்ன ஜாதி என்பதால் மேஜை மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். நடுவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார்: மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி, கத்தரிக்கோல் மாதிரி மூட வேண்டும். தோளைத் தொடுவார், முதுகை நீவுவார், வால் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார், பாதம் பூனைப் பாதம்போல் உருண்டிருக்கிறதா என்று அமுக்குவார். பிறகு, நேராக ஒரு ஓட்டம், முக்கோணமாக ஒரு ஓட்டம். இரண்டு நிமிஷம். அவ்வளவுதான்.

அவர் கேட்காதவை நிறைய. அப்பாவுக்கு ராத்திரி இருமல் வந்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து நிற்குமா என்று கேட்கமாட்டார். சில்லறை எண்ணும் சத்தத்துக்கும் மாத்திரை அட்டை உரிக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்கமாட்டார். பாதாளச் சாக்கடையில் பெருச்சாளியைப் பிடித்து, ஒரே உதறலில் முடித்து, வாசலில் நேராகக் கிடத்திவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடிக்கிற நேர்த்திக்கு மார்க் கிடையாது. டெரியர் எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரியத்துக்கு மட்டும் டெரியர் குரூப்பில் மார்க் இல்லை என்பது என் நெடுநாள் வயிற்றெரிச்சல். இந்த வழிகாட்டியில் அதைச் சொல்ல இடம் கிடைத்ததற்கு நன்றி.

ஜெயிக்கலாம். ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர் ஜெயிக்காத ஜாதி இல்லை. நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் மொத்தக் கூட்டத்திலும் சிறந்த நாய் என்ற பரிசை 1907இல் முதன்முதலாகக் கொடுத்தார்கள். வாங்கியது வாரன் ரெமடி என்ற ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர், பெட்டை. 1908இலும் அதே. 1909இலும் அதே. மூன்று தடவை வாங்கிய நாய் இன்றுவரை வேறொன்று இல்லை. இதை அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தால் நாய்க்கு மரியாதை கூடும். நாய் தோற்றுத் திரும்புகிற அன்றைக்கு உங்களுக்குத்தான் சங்கடம்.

கோப்பை தருவார்கள். 800 டன்னுக்கும் மேல் தங்கம் தோண்டியெடுத்த ஊரிலிருந்து போய், தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் வாங்கி, இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். சிரிக்கக் கூடாது. போட்டோ எடுப்பார்கள்.

இழத்தல்: ஆரம்பம்

உண்ணிக் காய்ச்சல், பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாவற்றையும் தடுப்பூசியாலும் கண்விழிப்பாலும் தாண்டிவிட்டீர்கள் என்றால் கடைசியில் மிச்சமிருப்பது சிறுநீரகம். தண்ணீர் அதிகம் குடிக்கும், சாப்பாடு குறையும், வாயில் ஒரு நாற்றம். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்வார்கள். அந்தச் சொல் அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் பழகிவிடும். பாட்டி அதை ‘கிரி எவ்வளவு?’ என்று கேட்பார்.

ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி வரைக்கும் போவீர்கள், போகத்தான் வேண்டும். தோலுக்கடியில் சலைன் ஏற்ற வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். வேளாங்கண்ணி மாதா காலண்டர் மாட்டிய ஆணி சரியான உயரத்தில் இருக்கும். மாதாவிடம் சொல்லிவிட்டு காலண்டரை இறக்கிவைத்து பாட்டிலைத் தொங்கவிடுங்கள். கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். மேஜை மேல் அசையாமல் நிற்கப் பழகிய நாய் இதற்கும் அசையாமல் நிற்கும். நான்கு காலையும் சதுரமாக ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, நடுவர் பார்க்கிறார் என்ற நினைப்பில். ஷோவுக்குப் பழக்கியதில் உருப்படியான பலன் இது ஒன்று.

முடிவு ஊசி போடலாமா என்று டாக்டர் கேட்பார். இதற்கு இந்த வழிகாட்டியில் ஆலோசனை இல்லை.

குழி

எங்கே புதைப்பது என்பது தங்கவயலில் எளிய கேள்வி அல்ல. வீடு கம்பெனி வீடு, நிலம் கம்பெனி நிலம். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் இழுத்து மூடிவிட்டார்கள். குடியிருக்கிற வீடே சொந்தம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கும் ஊரில், நாய்க்கு மூன்றடி இடம் யாரிடம் கேட்பது? கேட்க வேண்டாம். பின்பக்க முருங்கை மரத்தடி.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் கடப்பாரையை எடுத்த சத்தம் கேட்டதும், சுரங்கத்தில் டிரில்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் வந்து சேர்வார். கூப்பிட வேண்டியதில்லை. வந்தவர் துக்கம் விசாரிக்கமாட்டார், தரையைப் பார்ப்பார்.

“அங்க தோண்டாத. கீழ ராக்கு.”

“இல்ல தாத்தா, மண்ணுதான் வருது.”

“ஒன்ற அடி மண்ணு. அதுக்கப்புறம் ராக்கு. நான் சொல்றேன்ல, இப்படித் தள்ளிக்கோ. இந்தப் பக்கம் சரிவு.”

ஒன்றரை அடியில் கடப்பாரை நங்கென்று சொல்லும். அவர் சிரிக்கமாட்டார். தள்ளித் தோண்டுவீர்கள். நீங்கள் இரண்டடி போதும் என்று நினைக்கும்போது, “பத்தாது. நாலடி போ. தெரு நாய் பறிச்சிடும்” என்பார். நாலடி போன பிறகு, இருமிக்கொண்டே குழிக்குள் இறங்கி, பக்கச்சுவரைத் தன் கையால் தட்டித் தட்டிப் பார்ப்பார். உதிராது என்று திருப்தி ஆன பிறகுதான் மேலே கை நீட்டுவார், தூக்கிவிடச் சொல்லி. இவ்வளவு நேரமும் ஒரு ஆறுதல் சொல்லும் சொல்லியிருக்கமாட்டார். அவரை நம்புங்கள். மற்றவர்கள் சொல்லப்போகிற ஆறுதலையெல்லாம் பார்த்த பிறகு இவர் அருமை தெரியும்.

ஆறுதல் சொல்ல வருபவர்கள்

வகை ஒன்று, “எவ்ளோ ரூபா நாய்ண்ணே அது?” விலையைச் சொன்னால் ‘அடப்பாவமே’ என்பார்கள். விலை குறைவாகச் சொன்னால் ‘அவ்ளோதானா’ என்று நிம்மதி அடைவார்கள். இரண்டு விலை தயாராக வைத்திருங்கள்.

இன்னொரு வகை, “மனுஷனுக்கே இங்க வழியில்ல, நாய்க்கு இன்னாத்துக்கு இவ்ளோ?” இவர்களோடு வாதம் வேண்டாம். இந்த ஊரில் ஆறு மாதம் சம்பளம் வராமல் இருந்தவர்கள், நுரையீரலில் கல்தூசியோடு போய்ச் சேர்ந்தவர்கள், விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். கேள்வி கேட்க அவர்களுக்குத் தகுதி உண்டு. டீ கொடுங்கள். டீ குடித்துவிட்டு, தங்கள் வீட்டில் எப்போதோ இருந்த ஒரு நாயைப் பற்றி அவர்களே ஆரம்பிப்பார்கள், ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்திருக்கமாட்டார்கள்.

படித்தவர் யாராவது, நாய்க்குப் போய் இப்படியா என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் சரித்திரம் பேசலாம். தக்கோலம் நம் பாட்டன்மார் ஊர்ப்பக்கம், அரக்கோணத்துக்குக் கிட்டே. அங்கே 949இல் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். எதிர்ப்பக்கத்தில் கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்றொரு வீரன். அவன் காட்டிய வீரத்தில் மகிழ்ந்த ராஜா, என்ன வேண்டுமோ கேள் என்றான். அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. ராஜாவின் வேட்டை நாய் காளியைக் கேட்டான். வாங்கிக்கொண்டும் போனான். பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு மோதியதில் பன்றியும் செத்தது, காளியும் செத்தது. மண்டியா பக்கம் ஆதகூரில் கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டு, அதற்கு நிலம் எழுதிவைத்து, கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக்கூடாது என்றும் வெட்டிவைத்தார்கள். நாயும் பன்றியும் கட்டிப்புரளும் அந்தக் கல் இப்போது பெங்களூர் கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு வரலாம்.

அதற்கும் முந்நூறு வருஷம் முன்னால், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். வீரனுக்குப் பின்னால் அவன் நாய் நிற்கிறது. அதன் பெயரையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள், கோவிவன். கள்ளனைக் கடித்துப் பிடித்துக் காவல் நின்றது அதன் சாதனை. காளிக்கும் கோவிவனுக்கும் காது எப்படி மடிந்திருந்தது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் கதை கேட்டால்தான் ஒப்புக்கொள்வேன் என்பவர்களுக்கு, 1910. மாரிகுப்பத்துத் தங்கம் கப்பலேறி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஏழாம் எட்வர்டு இறந்துபோனார். சவ ஊர்வலத்தில் அவருடைய ஃபாக்ஸ் டெரியர் சீசர், ஜெர்மானியச் சக்கரவர்த்தி வில்ஹெல்முக்கும் வந்திருந்த ராஜாக்களுக்கும் முன்னால் நடந்தது. வில்ஹெல்முக்கு அதில் ஏக வருத்தம்.

போட்டோ

கோப்பையோடு எடுத்த படம் ஒன்று இருக்கும்: நாலு காலும் அளந்து வைத்த மாதிரி, வால் நிமிர்ந்து, இரண்டு காதும் சட்டப்படி மடிந்து. ஃபிரேம் போட நினைப்பீர்கள். போடுங்கள், கூடத்தில் மாட்டுங்கள், விருந்தாளிக்கு ஆகும். கொஞ்ச நாளில் போனைத் தடவித் தடவி நீங்கள் தேடுவது வேறொரு படம். பிழையான படம். இடது காது நட்டுக்கொண்டு, பாதி மங்கலாக, பின்னால் யாருடைய முழங்காலோ தெரிய.

இதிலும் நீங்கள் முதல் ஆள் இல்லை. நம் தாத்தா வீட்டு இசைத்தட்டுகளில் குழாய்க்குள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நாய், நிப்பர், ஃபாக்ஸ் டெரியர் கலந்தது என்று பலர் சொல்லும் ஒரு டெரியர். எந்தக் கண்காட்சிக்கும் அதை அழைத்துப்போனதாகத் தெரியவில்லை. வருபவர்களின் காலைப் பின்னாலிருந்து கவ்வுவதால் வந்த பெயர் அது. 1895இல் செத்துப்போனது. அதை வளர்த்த ஓவியர் ஃபிரான்சிஸ் பராட் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படத்தை வரைந்தார். எந்தக் கோப்பையும் இல்லை, மேஜை மேல் சதுரமாக நிற்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்கிற அந்த ஒரு நொடி. கிராமபோன் கம்பெனி 1899இல் படத்துக்கும் உரிமைக்குமாக 100 பவுண்டு கொடுத்து வாங்கியது. உலகத்தில் அதிகம் அச்சான நாய்ப்படங்களில் அது ஒன்று.

பன்னுக்காரர்

அவரிடம் யாராவது முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சந்து முனையில் ஹார்ன் அடிப்பார். சொன்னாலும் அடிப்பார், மற்ற வீடுகளுக்கும் வியாபாரம் இருக்கிறது. உங்கள் வாசலுக்கு வந்து, பழக்கத்தில் வர்க்கி ஒன்றைத் தனியாக எடுத்து நீட்டிவிட்டு, அப்புறம்தான் நினைவு வந்து கையை இழுக்கப் பார்ப்பார். வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். காசு வாங்கமாட்டார்.

அடுத்த குட்டி

ஒரு மாதத்துக்குள் அண்டர்சன்பேட்டையிலிருந்து ஒருவர் கூடையோடு வருவார். குட்டியின் காது இரண்டும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது போல இருக்கும். ஜூலியின் பேத்தி முறை என்பார், பெடிக்ரி தாளையும் விரித்துக் காட்டுவார். வேண்டாம் என்று சொல்ல எல்லாக் காரணமும் உங்களிடம் இருக்கும்: ஊட்டிக்கும் சென்னைக்கும் இனி யார் அலைவது, கோட்டு இறுகிவிட்டது, அப்பாவுக்கும் வயசாகிவிட்டது. சொல்லிவிடுங்கள். அதற்குள் அப்பா குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று அர்த்தம்.

எலி

குட்டி வந்தாலும் வராவிட்டாலும், வேலைக்குத் தயாராக ஒரு வருஷமாவது ஆகும். அதற்குள் பெருச்சாளிக்குத் தகவல் போய்விடும். முதலில் முருங்கைத் தூருக்கருகில் புது மண் குவிந்திருக்கும், பிறகு அடுப்படியில் வெங்காயம் குறையும். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் மரப்பொறி வாங்காதீர்கள், பெருச்சாளிக்குத் தாங்காது; கம்பிக்கூண்டு வாங்குங்கள். மசால்வடை வேண்டாம், கருவாட்டுத் தலையைக் கம்பியோடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். சும்மா வைத்தால் தின்றுவிட்டு வந்த வழியே போய்விடும்.

காலையில் பிடிபட்டிருக்கும். பிடிபட்டதை என்ன செய்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, இத்தனை வருஷமாக அது நம் இலாகா இல்லை. எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிடுங்கள். வருவார். வரும்போதே, “அந்த வெள்ளை மூதேவி இருந்திருந்தா…” என்று ஆரம்பிப்பார். அவர் மூக்கைச் சிந்துவதற்கு முன் கூண்டைக் கையில் கொடுத்துவிடுங்கள்.